53 லட்சத்துக்கு ஒரு ஃப்ரன்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக்: கோல்ஃப் ஜிடிஐயா, வேறு காரா?

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தது. எக்ஸ் ஷோரூம் விலை 53 லட்சம். முன்பதிவு செய்யவே சின்ன வினாடி வினா ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தது. அப்படியும் முதல் 150 கார்கள் விலை அறிவிப்பதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்கள் கோவை வட்டாரத்தில் இன்னும் ஓயவில்லை. "முன் சக்கரம் இழுக்கிற கார், பார்க்கப் பெரிய போலோ மாதிரி இருக்கிறது, அதற்கு இத்தனை பணமா?" என்று ஒரு கூட்டம். "ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்க" என்று இன்னொரு கூட்டம். நடுவில் கையில் பணத்தோடு முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் சிலர். அவர்களில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

எனக்கு ஓட்டக் கிடைத்த கார்கள், விசாரித்த விலைகள், கணக்குப் போட்ட வரி ஆகியவற்றை வைத்து எழுதுகிறேன். எதை வைத்து எடை போடுவது என்று முதலில் பேசிவிடுவோம். அளவுகோல் சரியாக இல்லாவிட்டால் கடைசியில் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்குவோம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது முன் சக்கரங்கள் என்ன செய்கின்றன என்பது. ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரில் முன் டயர்களுக்கு இரட்டை வேலை. வண்டியைத் திருப்புவதும் அவைதான், இழுப்பதும் அவைதான். ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. அதை இழுப்பதற்கே செலவழித்தால் திருப்பக் கொஞ்சம்தான் மிஞ்சும், வண்டி வளைவின் வெளிப்பக்கம் போகும். இதுதான் அண்டர்ஸ்டீர். சாதாரண டிஃப்பரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) உள்ள காரில் இன்னொரு சிக்கலும் சேரும். வளைவில் உட்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறைவதால் அது சுழலத் தொடங்கும், சக்தியெல்லாம் அந்த வழியாக வீணாகும். நல்ல முன்சக்கர இழுவை காரையும் சுமாரான காரையும் பிரிப்பது இந்த இடம்தான்.

இரண்டாவது, நம் சாலை. வேகத்தடை, திடீர்ப் பள்ளம், பாலத்தின் இணைப்பு எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, ஐந்து வருடத்துக்கான முழுச் செலவு. ஷோரூம் விலை அதில் ஒரு பகுதிதான். நான்காவது, யாரெல்லாம் அதில் உட்காரப் போகிறார்கள் என்பது. ஐந்தாவது, உதிரிபாகம். ஆயிரக்கணக்கில் ஓடும் காருக்கும் நூறு நூற்றைம்பது மட்டும் வந்த காருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

டாப் ஸ்பீடை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மணிக்கு 250 கி.மீ. போகிற கார் நம் ஊரில் அந்த வேகத்தைத் தொட இடமும் இல்லை, தொடவும் கூடாது.

## எண்கள் ஒரே பார்வையில்

| | கோல்ஃப் ஜிடிஐ | ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் | மினி கூப்பர் எஸ் | ஹூண்டாய் ஐ20 என் லைன் |
|---|---|---|---|---|
| அறிமுக விலை (எக்ஸ் ஷோரூம்) | ₹53 லட்சம் (மே 2025) | ₹49.99 லட்சம் (அக்டோபர் 2025) | ₹44.90 லட்சம் (ஜூலை 2024) | ₹9.99 லட்சத்தில் தொடக்கம் (2023) |
| இன்ஜின் | 2.0 லிட்டர் டர்போ | 2.0 லிட்டர் டர்போ | 2.0 லிட்டர் டர்போ | 1.0 லிட்டர் டர்போ |
| சக்தி / டார்க் | 265 பிஎஸ் / 370 என்எம் | 265 பிஎஸ் / 370 என்எம் | 204 பிஎஸ் / 300 என்எம் | 120 பிஎஸ் / 172 என்எம் |
| 0–100 கி.மீ. | 5.9 விநாடி | 6.4 விநாடி | 6.6 விநாடி | – |
| கியர்பாக்ஸ் | 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) | 7 ஸ்பீடு டிஎஸ்ஜி | 7 ஸ்பீடு இரட்டை கிளட்ச் | 6 ஸ்பீடு மேனுவல் அல்லது 7 ஸ்பீடு டிசிடி (இதுவும் இரட்டை கிளட்ச்) |
| பூட் (டிக்கி) | 380 லிட்டர் | 600 லிட்டர் | 210 லிட்டர் | 311 லிட்டர் |
| தமிழ்நாடு வாழ்நாள் வரி (அறிமுக விலைக்கு) | சுமார் ₹10.6 லட்சம் | சுமார் ₹10 லட்சம் | சுமார் ₹9 லட்சம் | சுமார் ₹1.3 லட்சம் |

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதால், அதற்கு முன் வந்த கார்களின் இப்போதைய விலைகளில் வித்தியாசம் இருக்கும். பெரிய இன்ஜின் கார்களுக்கு முன்பு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தது, அது ஒரே 40 சதவீதமாக மாறியது. ஐ20 போன்ற சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதமாக இறங்கியது. ஷோரூமில் எழுத்தில் விலை வாங்கிப் பாருங்கள்.

## கோல்ஃப் ஜிடிஐ

பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் 150 கார்களில் ஒன்றை எடுத்தார். ஒருநாள் விடியற்காலை ஆழியாறு செக்போஸ்ட் திறந்ததும் வால்பாறை மலைப்பாதையில் ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வரையாடுகள் சாலையோரம் நிற்கும் பாதை அது, அங்கே வேகம் காட்டக் கூடாது, காட்டவும் இல்லை. ஆனால் இந்தக் காரின் சிறப்பைப் புரிந்துகொள்ள வேகமே தேவைப்படவில்லை.

வலது பக்கம் திரும்பி ஏறும் ஒரு வளைவு. இரண்டாவது கியர், 35 கி.மீ. வேகம். என் பழைய காரில் அதே இடத்தில் கொஞ்சம் முன்கூட்டியே மிதித்தால் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், உட்பக்க டயர் கீச்சிடும், மூக்கு தடுப்புச்சுவர் பக்கம் போகும். ஜிடிஐயில் மிதித்தேன். ஸ்டீயரிங்கில் எடை கூடியது. யாரோ முன்பக்கத்தைக் கயிறு கட்டி வளைவின் உள்ளே இழுப்பதுபோல் வண்டி சுருங்கித் திரும்பியது. பக்கத்தில் இருந்தவர், "பாத்தீங்களா, அதுதாங்க காசு" என்றார்.

அவர் சொன்னது முன் ஆக்ஸிலில் உள்ள மின்னணு டிஃப்பரென்ஷியல் பூட்டை. அதற்குள் பல தகடுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கிறது. உட்பக்கச் சக்கரம் சுழலத் தொடங்குவதற்கு முன்பே அது இறுகி, சக்தியை எடை அதிகமுள்ள வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. பல கார்களில் 'எலெக்ட்ரானிக் டிஃப்' என்று விளம்பரத்தில் போடுவது வேறு சமாச்சாரம். அவை சுழலும் சக்கரத்துக்கு பிரேக் பிடித்து ஒப்பேற்றுகின்றன. நாலு வளைவுக்கு அது போதும். நாற்பது வளைவு தொடர்ந்து ஏறினால் பிரேக் பேடு சூடாகும், வண்டியும் தயங்கும். கிளட்ச் உள்ள அமைப்பில் அந்தத் தயக்கம் இல்லை.

ஆக, "முன்சக்கர இழுவை என்றாலே ஹேண்ட்லிங் மட்டம்" என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். 2023இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர், ஜெர்மனியின் நர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 44.881 விநாடியில் சுற்றி முன்சக்கர இழுவை கார்களின் சாதனையைப் பதித்தது. அந்தக் கார் இங்கே விற்பனையில் இல்லை. அமெரிக்காவில் 42,895 டாலருக்கு வந்தபோது அங்கேயும் இதே சண்டைதான் நடந்தது: "இந்தக் காசுக்கு ஃப்ரன்ட் வீல் டிரைவா?"

சரி, குறைகள். மலையிலிருந்து இறங்கிப் பொள்ளாச்சிக்குள் நுழைகையில் ஒரு கிராமத்து வேகத்தடை. வெள்ளைக் கோடு அழிந்து போயிருந்தது. வண்டியை மிக மெதுவாகக் குறுக்காக ஏற்றியும் அடிப்பக்கம் உரசியது. கரகரவென்ற அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கிரவுண்ட் கிளியரன்ஸ் 140 மி.மீட்டரைக்கூடத் தொடாத கார் இது. டயர் 225/40 ஆர்18. அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் 90 மி.மீ. ரப்பர்தான். ஒரு பள்ளத்தை இரவில் கவனிக்காமல் விட்டால் டயர் மட்டும் போகாது, ரிம்மும் சேர்ந்து போகும். இன்ஷூரன்ஸில் டயர், ரிம் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்காமல் இந்தக் காரை எடுக்க வேண்டாம்.

விலை ஏன் இப்படி? முழுக் காராகவே இறக்குமதியாகிறது. 40 ஆயிரம் டாலருக்குள் மதிப்புள்ள அப்படிப்பட்ட காருக்கு அடிப்படைச் சுங்க வரியே 70 சதவீதம். அதன் மேல் ஜிஎஸ்டி. அதற்கும் மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 20 சதவீத வாழ்நாள் வரி. பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்துக் கட்டும் வரி) என்று 53 ஆயிரம் (இது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும்). இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் அறிமுக விலைக்கு ஆன்ரோடு 65 லட்சத்தைத் தாண்டுகிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு காருக்குப் போகவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் பதிவு செய்தால் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் குடியிருந்து இங்கேயே ஓட்டினால் இங்கே வரி கட்டியாக வேண்டும். அந்த யோசனையே வேண்டாம்.

யாருக்கு இது சரி? வீட்டில் உயரமான கார் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாதம் இரண்டு தடவையாவது மலை ஏறுகிறீர்கள், வருடத்தில் சில நாள் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்திலோ ஓட்ட நினைக்கிறீர்கள் என்றால் தயங்காமல் எடுங்கள். இந்த நான்கில் ஓட்டுவதற்குச் சிறந்தது இதுதான். ஒரே காராக, தினசரி ஆபீஸுக்கும் அம்மா அப்பாவோடு ஊருக்கும் என்றால் வேண்டாம்.

## ஆக்டேவியா ஆர்எஸ்

இன்ஜினும் கியர்பாக்ஸும் அதேதான். முன் டிஃப்பரென்ஷியலும் அதே வகை. நூறைத் தொட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறது. உடம்பு நீளம் 4.7 மீட்டர், கோல்ஃபை விட 40 செ.மீ. அதிகம். கொண்டை ஊசி வளைவில் அந்த நீளம் தெரியும். கோல்ஃப் ஒரே மூச்சில் திரும்பும் இடத்தில் இது பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும். ஆனால் சேலம் நெடுஞ்சாலையில் நீள வளைவுகளில் இதுதான் நிதானமான கார்.

600 லிட்டர் பூட் என்பது விளையாட்டில்லை. நாலு பேர், நாலு பெட்டி, கல்யாண வீட்டுச் சீர்த்தட்டு எல்லாம் போகும். பின்சீட்டில் பெரியவர்கள் கால் நீட்டி உட்காரலாம். ஹேட்ச்பேக் மாதிரிப் பின்கதவு முழுசாகத் திறக்கும், பார்வைக்கு செடான்.

மறைந்திருக்கும் செலவு சக்கரத்தில் இருக்கிறது. 19 அங்குல ரிம். அந்த அளவில் டயர் எல்லா ஊரிலும் உடனே கிடைக்காது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு டயர் வெடித்தால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரலாம். இன்னொன்று, வந்ததே 100 கார்கள்தான், எல்லாம் விற்றுவிட்டன. அடுத்த தொகுதி வந்தால் உண்டு. வீட்டுக்கு ஒரே கார்தான், அதுவும் ஓட்டச் சுவையாக இருக்க வேண்டும் என்பவர் கோல்ஃபை விட்டுவிட்டு இதற்குக் காத்திருப்பது நல்லது.

## பழைய ஆக்டேவியா ஆர்எஸ்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 2017இல் ஆர்எஸ் 230 வெளியானபோது விலை 24.62 லட்சம். 230 பிஎஸ், 350 என்எம். இங்கேயே பாகங்களைப் பொருத்திச் செய்த கார் என்பதால்தான் அந்த விலை. 2020இல் ஆர்எஸ் 245 முழு இறக்குமதியாக 35.99 லட்சத்துக்கு 200 கார்கள் வந்தன. இரண்டுமே இப்போது பழைய கார் சந்தையில் எப்போதாவது தலைகாட்டும்.

போன வருடம் நண்பர் ஒருவருக்காகத் திருப்பூரில் ஒரு 230 பார்க்கப் போனோம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு முன் டயரின் உள் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் நல்ல பூ (டயரின் பள்ளக் கோலம்) இருந்தது, உள் விளிம்போ வழவழவென்று தேய்ந்து நூல் தெரியும் நிலையில் இருந்தது. அலைன்மென்ட் போயிருக்கலாம், சஸ்பென்ஷனில் கண்ட்ரோல் ஆர்ம் புஷ் போயிருக்கலாம், எங்கேயோ பலமாக இடித்தும் இருக்கலாம். விற்பவர் டயர் மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. 230இல் இருக்கும் ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்ற வேண்டும், அதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டியிருக்கிறார்களா என்று கண்டுபிடியுங்கள். இந்தக் காரை வாங்கியவர்களில் நிறையப் பேர் அதைச் செய்தவர்கள், பிறகு பழையபடி மாற்றி விற்பதும் உண்டு. அப்புறம் எத்தனால். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர்க் குழாய்கள், எரிபொருள் பம்ப் ஆகியவற்றின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். எத்தனால் கலக்காத எக்ஸ்பி100 (இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல்) போட்டால் கவலை குறையும், ஆனால் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல் ஆகும், சிறிய ஊர்களில் கிடைக்கவும் கிடைக்காது.

வாங்கும் விலை போக ஒரு மூன்று லட்சத்தை முதல் வருடப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தால், நம்பிக்கையான மெக்கானிக்கும் இருந்தால், கோல்ஃபுக்கு ஆகும் காசில் பாதிக்கும் கீழே அந்த ருசியில் பெரும்பகுதி கிடைக்கும். வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வேலையைப் பார்க்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

## மினி கூப்பர் எஸ்

இரண்டு பேருக்கான கார். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாலே மூக்கு பாயும், நகரத்துக்குள் இந்தப் பட்டியலில் மிகவும் குதூகலமானது இதுதான். முன் ஆக்ஸிலில் கோல்ஃபில் உள்ளது போன்ற பூட்டு கிடையாது என்பதால் மலையில் வேகமாக ஏறும்போது அந்த இழுப்பு கிடைக்காது. ரைடு இறுக்கம். மூன்று கதவு, 210 லிட்டர் பூட், பின்சீட்டில் குழந்தைகள் மட்டும். தோற்றத்துக்காகவே பிடித்திருந்தால் எடுங்கள், அது நியாயமான காரணம்தான். ஹேண்ட்லிங்குக்காக என்றால் மேலே எட்டு லட்சம் போட்டு கோல்ஃப்.

## ஐ20 என் லைன்

பெரிய கார்களுக்கு நடுவே இதை ஏன் வைத்தேன் என்று கேட்பீர்கள். ஓட்டும் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் உள்ள உறவை இது தெளிவாகக் காட்டுகிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார், ரேஸ் தடமும் அதே ஊரில்தான். சாதாரண ஐ20யை விட இறுக்கமான சஸ்பென்ஷன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கனமான ஸ்டீயரிங். முக்கியமாக ஆறு கியர் மேனுவல் உண்டு. மேலே சொன்ன மூன்று புதுக் கார்களிலும் கிளட்ச் பெடலே இல்லை.

120 பிஎஸ் என்பதால் முன் டயர்கள் திணறுவது குறைவு. சக்தி அளவாக இருக்கும்போது பூட்டு இல்லாத டிஃப்பரென்ஷியலும் சமாளித்துவிடுகிறது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் இதன் சக்தி முழுவதையும் பயன்படுத்தி ஓட்டலாம். ஜிடிஐயில் அதே பாதையில் பாதி சக்தியைக்கூடத் தொட முடியாது. 195/55 ஆர்16 டயர், 107 மி.மீ. பக்கச்சுவர், பள்ளத்தைப் பார்த்துப் பயம் வேண்டாம். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் சஸ்பென்ஷன்) என்பதால் வளைவின் நடுவில் மேடு வந்தால் வண்டி ஒருமுறை துள்ளும், மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும் சஸ்பென்ஷன்) உள்ள கோல்ஃப் அங்கே அசையாது.

வரியில் ஒரு நுணுக்கம்: தமிழ்நாட்டில் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 18. பத்தைக் கொஞ்சம் தாண்டும் வேரியன்ட்டுக்குப் போனால் அரை லட்சத்துக்கு மேல் வரி கூடும். சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டுவது வீண்.

## "அந்தக் காசுக்கு பிஎம்டபிள்யூ வாங்கலாமே?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. 3 சீரிஸின் 330எல்ஐ பின்சக்கர இழுவை, 258 பிஎஸ், சென்னை ஆலையிலேயே பொருத்தப்படுவதால் சுங்கச் சுமை குறைவு. கோல்ஃபுக்கு மேல் சில லட்சம் போட்டால் எட்டிவிடலாம். நெடுஞ்சாலைக்கும் பின்சீட்டு சொகுசுக்கும் நிச்சயமாக அது மேல். ஆனால் இங்கே விற்பது நீளமான வடிவம், 4.8 மீட்டர் உடம்பு, 2.96 மீட்டர் வீல்பேஸ். வால்பாறைப் பாதையில் எதிரே பஸ் வரும்போது அதை வளைப்பது வேலை, கோல்ஃபை வளைப்பது சந்தோஷம். பின்சக்கர இழுவை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்.

விலை எங்கே இறங்கிவிடுமோ என்ற பயமும் நியாயமானது. 2016இல் போலோ ஜிடிஐ 25.99 லட்சத்துக்கு வந்து, அடுத்த வருடமே 19.99 லட்சமானது. முதலில் வாங்கியவர்கள் பட்ட வருத்தம் எனக்குத் தெரியும். கோல்ஃபுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. குறைந்தது ஏழெட்டு வருடம் வைத்திருக்க மனமிருந்தால் மட்டும் இறக்குமதி காரில் கை வையுங்கள்.

## என்னிடம் கேட்ட மூன்று பேருக்கும் சொன்னது

இரண்டு கார் நிற்கும் வீட்டுக்காரருக்கு கோல்ஃப் என்றேன். குழந்தைகளும் பெற்றோரும் உள்ளவருக்கு ஆக்டேவியா, அது வரும்வரை இருக்கும் காரையே ஓட்டுங்கள் என்றேன். மூன்றாமவர் 27 வயதுத் தம்பி, கோல்ஃபுக்காக ஏழு வருடக் கடன் போட இருந்தார். அவரிடம் ஐ20 என் லைன் மேனுவலை எடுத்து, வருடத்தில் நாலு முறை தடத்தில் பயிற்சிக்குப் போகச் சொன்னேன். இப்போது ஓட்டக் கற்பதற்குக் கொடுக்கும் காசு பிறகு எந்தக் காரிலும் அவருக்குக் கைகொடுக்கும்.

எதை எடுத்தாலும் டெஸ்ட் டிரைவை ஷோரூம் சொல்லும் பைபாஸில் முடித்துக்கொள்ளாதீர்கள். ஆளில்லாத, பார்வைக்குத் தெளிவான ஒரு ஏற்ற வளைவில் இரண்டாவது கியரில் மெதுவாக நுழைந்து, பாதி வளைவில் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் லேசாகிறதா, கனமாகிறதா என்று கை சொல்லும். பிறகு வண்டியை உங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து, நாலு பேரை ஏற்றி, அந்த வேகத்தடையைக் கடந்து பாருங்கள்.